கைக்குத் தெரியவில்லை



பதிவு கொஞ்சம் நீளம். ஒரு பிளேன்டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். கோல்ஃப் பற்றித்தான் தொடங்குகிறேன். ஆனால் முடிவில் எங்கள் பாடசாலைப் பிள்ளைகளுக்காக ஒரு உதவி கேட்கப் போகிறேன். ஆகவே பாதியில் போய்விடாதீர்கள்.

என் வாப்பாவை ஊரில் மூத்தவர்களுக்குத் தெரியும். இருபத்தாறு வருடம் கோல்ஃப் மைதானத்தில் கெடியாக வேலை செய்தவர். நுவரெலியா டவுனுக்கு நடுவில் இருக்கும் அந்தப் பச்சைப் புல்வெளியை நாம் எல்லோரும் தினமும் கடந்து போகிறோம். வெள்ளைக்காரன் காலத்தில், 1889இல் தொடங்கிய 18 குழி மைதானம். நாங்கள் வேலிக்கு வெளியே வளர்ந்த பிள்ளைகள். வாப்பா மட்டும் உள்ளே போய்வருவார், தோளில் அடுத்தவரின் பையோடு. ஒரு ஆட்டக்காரர் 14 மட்டைகள் வரை கொண்டுபோகலாம் என்பது விதி. அந்தப் பையைச் சுமந்து, ஏற்ற இறக்கத்தில் நான்கைந்து மணித்தியாலம் நடந்து, பந்து எங்கே விழுந்தது என்று பார்த்து, எந்த மட்டையை எடுப்பது என்று சொல்லிக்கொடுப்பதுதான் கெடியின் வேலை. "கொழும்பு ஆக்கள் இங்க வந்தா பந்து கூடப் போகுது, மகன். காத்து லேசு" என்பார். 1,868 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு என்று நான் பிறகு பாடப்புத்தகத்தில் படித்தேன். வாப்பா அதைக் கால்நடையாகப் படித்திருந்தார்.

போன வருடம் அவருக்கு முழங்கால் வலி கூடி, வீட்டோடு இருக்க வேண்டியதாகிவிட்டது. பேச்சு குறைந்தது. சாப்பாடு குறைந்தது. ஒருநாள் அஸருக்குப் பிறகு, பரண் மேலிருந்த பழைய ஏழாம் நம்பர் அயன் மட்டையை எடுத்துத் தரச் சொன்னார். எப்போதோ ஒரு துரை கொடுத்துவிட்டுப் போனது. பிடித் தோல் தேய்ந்திருந்தது. "நான் இனி அடிக்க ஏலாது. நீ அடி, நான் பார்க்கிறன்" என்றார்.

எனக்கு வயது முப்பத்தாறு. ஆசிரியர் கலாசாலையில் உடற்கல்வி படித்தவன். பன்னிரண்டு வருடமாக மைதானத்தில் விசில் ஊதுகிறவன். ஒரு பந்தை அடிப்பது பெரிய விஷயமா என்று நினைத்தேன்.

வீட்டுக்குப் பின்னால் லீக்ஸ் பிடுங்கி முடிந்த பாத்தியில், மரக்கறித் தோட்டக்காரர் கொடுத்த பழைய வலையைக் கட்டி, அதன் பின்னால் கிழிந்த கம்பளி ஒன்றைத் தொங்கவிட்டோம். வாப்பா பிளாஸ்டிக் கதிரையில் அமர்ந்தார். நான் மட்டையைப் பின்னால் தூக்கி, முழுப் பலத்தோடு அடித்தேன். பந்து வலையின் வலது ஓரத்தில் பட்டு மரத்துப் பக்கம் ஓடியது. அடுத்த பந்துக்கு மண்தான் பறந்தது. அதற்கடுத்தது திரும்பவும் வலப்பக்கம்.

"கூட எடுக்கிறாய். அரைவாசி எடு" என்றார் வாப்பா.

அரைவாசி எடுத்தேன். "கூட" என்றார். இன்னும் குறைத்தேன். "கூட." அப்படியே மூன்று நாள். மூன்றாம் நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வாப்பா, நான் தோளோட நிப்பாட்டுறன். எனக்குத் தெரியும்!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். அல்லாஹ் மன்னிக்கட்டும். வாப்பா கோபப்படவில்லை. "ஒனக்குத் தெரியும். கைக்குத் தெரியல்ல" என்றார்.

அன்று இரவு என் மூத்த மகளிடம் போனைக் கொடுத்து, பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுக்கச் சொன்னேன். வாப்பா பிழை என்று காட்டத்தான். பார்த்தபோது எனக்கு வாயடைத்துப் போனது. தோளோடு நிறுத்துவதாக நான் நினைத்த மட்டை தலையைத் தாண்டி, கிடைமட்டத்தையும் தாண்டி, முதுகுப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. நான் உணர்ந்தது ஒன்று, நடந்தது இன்னொன்று. இது எனக்கு மட்டும் உள்ள குறையல்ல. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கை எங்கே நிற்கிறது என்பதை உடம்பு உள்ளிருந்து ஊகிக்கிறது. வேகமாக அசையும்போது அந்த ஊகம் அடிக்கடி பிழைக்கும். இதைக் கலாசாலையில் படித்து, பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன். என் உடம்பில் நடக்கும்போதுதான் புரிந்தது.

அடுத்த நாள் வாப்பா, "நீளம் நோய் இல்ல மகன், காய்ச்சல் மாதிரி. உள்ளுக்கு வேற ஒண்டு இரிக்கும்" என்றார். வேலியோரத்துத் தேயிலைச் செடியிலிருந்து ஒரு இலையைக் கிள்ளினார். கோல்ஃப் மட்டையைப் பிடிக்கும்போது இடது பெருவிரலை வலது உள்ளங்கை மூடும். அந்த இரண்டுக்கும் நடுவில் இலையை வைத்தார். "மெதுவா எடு. இல விழாமப் பாரு."

மட்டை தோள் உயரம் தாண்டியதும் இலை விழுந்துவிட்டது.

அந்த நேரம்தான் எனக்கு விளங்கியது. நான் தோளைத் திருப்பியதால் மட்டை நீளமாகப் போகவில்லை. உச்சியில் என் கை திறந்துகொண்டது. உள்ளங்கை விலகியது, இடது கையின் கடைசி மூன்று விரல்களும் தளர்ந்தன, மட்டை தன் பாரத்தில் பின்னால் சரிந்தது. கீழே வரும்போது திரும்ப இறுக்கிப் பிடித்தேன். அந்த இடைவெளியில் மட்டையின் முகம் திரும்பிவிட்டது. பந்தோடு மட்டை தொட்டிருக்கும் நேரம் ஒரு செக்கனில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். அந்த நேரத்துக்குள் எதையும் திருத்த முடியாது. மேலே கெட்டது கெட்டதுதான்.

விசயம் தெரிந்தவர்களுக்காக இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். வலது கைக்காரருக்கு மட்டை அளவுக்கு மீறிப் பின்னால் போவதற்கு வழக்கமாக மூன்று நான்கு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, எனக்கு நடந்தது போல விரல் தளர்வது. இரண்டு, இடது முழங்கை மடங்குவது. தோள் திரும்பி முடிந்த பிறகும் முழங்கை மடங்கினால், மட்டை மட்டும் தனியாகப் பயணம் போகும். மூன்று, இடுப்பும் தோளும் ஒன்றாகச் சுழன்றுவிடுவது. தோள் ஏறத்தாழ 90 பாகை திரும்பும்போது இடுப்பு அதில் பாதியளவு திரும்பினால் போதும் என்பார்கள். நான்கு, வலது முழங்கை விலாவை விட்டுப் பறப்பது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி, "கூட எடுக்கிறான்" என்றுதான் தெரியும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. விரல் தளர்ந்தவனிடம் "முழங்கையை நேராக வை" என்று சொல்லிக்கொண்டே இருந்தால், அவன் முழங்கையையும் கெடுத்துக்கொள்வான்.

இன்னொரு விஷயமும் வாப்பா சொன்னார். நீளமாக எடுப்பதே பிழை என்று இல்லையாம். தேடிப் பார்த்தேன், உண்மைதான். அமெரிக்காவின் ஜோன் டேலியின் மட்டை கிடைமட்டத்தைத் தாண்டி வெகுதூரம் கீழே தொங்கும். அவர் 1991இல் பிஜிஏ சம்பியன்ஷிப்பையும் 1995இல் பிரித்தானிய ஓபனையும் வென்றவர். அதற்கு நேர்மாறானவர் ஸ்பெயினின் ஜோன் ராம். வலது பாதம் வளைந்து பிறந்தவர், அந்தக் கணுக்கால் முழுமையாக அசையாது. அதனால் மட்டையைக் குறுகலாகவே எடுக்கிறார். 2021இல் அமெரிக்க ஓபனையும் 2023இல் மாஸ்டர்ஸையும் வென்றுவிட்டார். தன் காலால் தாங்க முடிந்த இடத்தில் நிறுத்திக்கொண்டவர் அவர். ஆகவே எல்லோருக்கும் பொருந்தும் ஒரே நீளம் கிடையாது. பிடி தளராமல், கால் தடுமாறாமல் எவ்வளவு தூரம் போகலாமோ அதுதான் அவரவர் நீளம்.

இலையை வைத்து இரண்டு கிழமை அடித்தேன். முதலில் பந்தே இல்லாமல், மெதுவாக. பிறகு உச்சியில் ஒரு நொடி நின்று, அதன் பிறகு கீழே. பிறகுதான் பந்து. வாப்பா அந்த நாட்களில் "கூட" என்ற சொல்லை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. இலை விழுந்தால் குனிந்து இன்னொன்றைக் கிள்ளித் தருவார். அவ்வளவுதான். இலை விழாமல் பார்ப்பதில் என் கவனம் போனதும், மட்டை தானாகவே குறுகியது. பந்து வலையின் நடுவில் பட ஆரம்பித்தது. பட்ட சத்தத்தைக் கேட்டே வாப்பா தலையாட்டுவார்.

இதற்கும் ஆய்வு இருக்கிறது. காப்ரியேலே வுல்ஃப் என்ற ஆய்வாளரும் சகாக்களும் 1999இல் கோல்ஃபை வைத்தே ஒன்றைச் செய்தார்கள். கோல்ஃப் ஆடிப் பழகாதவர்களை இரண்டு குழுவாக்கி, ஒரு குழுவைக் கையின் அசைவைக் கவனிக்கச் சொன்னார்கள். மற்றக் குழுவை மட்டையின் அசைவைக் கவனிக்கச் சொன்னார்கள். பழகும்போதும் சரி, அடுத்த நாள் சோதித்தபோதும் சரி, மட்டையைக் கவனித்தவர்களே குறிக்குக் கிட்டவாக அடித்தார்கள். உடம்பை நினைத்து நினைத்து அசைத்தால் உடம்பு இறுகிவிடுகிறது. வெளியே ஒன்றைக் கொடுத்தால் அது தன் வேலையைப் பார்க்கிறது. வாப்பா அந்த ஆய்வை வாசித்திருக்க நியாயமில்லை.

இனித்தான் நான் எழுத வந்த விஷயம்.

எங்கள் பாடசாலையில் ஒரு பிள்ளை. பெயர் வேண்டாம். அவனிடமும் அவன் உம்மாவிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன். போன வருடம் 17 வயதுக்குட்பட்ட கிரிக்கெட் அணியில் இருந்தான். பந்தைச் சீக்கிரம் பார்க்கும் கண். ஆனால் துடுப்பை மிக உயரமாகத் தூக்குவான், தலைக்கு மேல் வரை. பிந்தித்தான் கீழே வரும். நான் பார்த்தேன், பிழையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். "பெட்டத் தாழ்த்து." ஒரு பிரக்டிஸில் நாற்பது தடவையாவது சொல்லியிருப்பேன். வலைக்குப் பின்னால் நின்று சொன்னேன், எல்லைக் கோட்டிலிருந்து கத்திச் சொன்னேன், மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் சொன்னேன். அவன் ஒருநாள் "தாழ்த்திட்டுத்தான் நிக்கிறன் சேர்" என்றான். பொய் சொல்கிறான் என்று நினைத்து மைதானத்தைச் சுற்றி இரண்டு ரவுண்ட் ஓடவிட்டேன்.

அடுத்தடுத்து மூன்று மேட்ச்சில் ஓட்டம் எடுக்காமல் ஆட்டமிழந்தான். பிறகு பிரக்டிஸுக்கு வருவதை நிறுத்திவிட்டான். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை" என்று ஆசிரியர் அறையில் நான் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

சில மாதம் கழித்து பேக்கரியில் அவன் உம்மாவைக் கண்டேன். "சேர், அவன் இப்ப கிரவுண்டப் பத்திப் பேசுறதே இல்ல. ஸ்கூல் விட்டு வந்தா கதவச் சாத்திக்கிறான்" என்றார். குற்றம் சாட்டும் குரலில் அல்ல. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

வீடியோவில் என் மட்டையைப் பார்த்த இரவு, எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தப் பிள்ளைதான். "தாழ்த்திட்டுத்தான் நிக்கிறன் சேர்." அவன் பொய் சொல்லவில்லை. முப்பத்தாறு வயதில், தன் வாப்பாவிடம் நான் கத்திச் சொன்ன அதே வசனத்தைத்தான் அவன் பதினைந்து வயதில் என்னிடம் மெதுவாகச் சொன்னான். வாப்பா என்னை ஓடவிடவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு அவன் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே மன்னிப்புக் கேட்டேன். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். "திருத்த வரல்ல மகன், பார்க்க மட்டும்தான் வந்தன். ரெண்டு பந்து அடிச்சுக் காட்டுறியா?" என்றேன். உள்ளே போய்த் துடுப்பை எடுத்து வந்தான். அவனுடைய துடுப்பை நான் முதல் தடவையாகக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஒரு வருடம் அவனுக்குப் பயிற்சி கொடுத்தவன், அன்றுதான் வாங்கிப் பார்த்தேன்.

வளர்ந்த ஆட்கள் பிடிக்கும் முழு அளவுத் துடுப்பு. பிள்ளை ஐந்தடியைக் கொஞ்சம் தாண்டியவன். மேல் கையால் அந்தப் பாரத்தைத் தூக்க முடியாமல், கீழ் கையால் இழுத்துத் தூக்கிக்கொண்டிருந்தான். இழுத்தால் அது தலைக்கு மேல்தான் போகும். எங்கேயும் இடையில் நிறுத்த அவனால் முடியாது. நாற்பதல்ல, நாலாயிரம் தடவை சொன்னாலும் தாழாது.

"ஏன் மகன் இவ்வளவு பெரிய பெட்?"

"வாப்பாட" என்றான்.

அவன் வாப்பா சவூதியில் இருக்கிறார். மூன்று வருடமாக வரவில்லை. போகும்போது அவர் விட்டுவிட்டுப் போன துடுப்பு அது. கைப்பிடியில் சுற்றியிருந்த ரப்பர்கூட அவர் சுற்றியதுதானாம். அதை விட்டுவிட்டு வேறொன்றைப் பிடிக்க அவனுக்கு மனமில்லை. அதை என்னிடம் சொல்லவும் வாய்வரவில்லை. நானும் கேட்கவில்லை. நான் "தாழ்த்து" என்று மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். வாப்பாவின் துடுப்பு வீட்டில் இருக்கும், அவன் அதற்கு வளரும் வரை. பிரக்டிஸுக்குப் பாடசாலையில் கிடந்த ஆறாம் இலக்கத் துடுப்பு ஒன்றைக் கொடுத்தேன். ஓரம் வெடித்து டேப் சுற்றியது. முதல் நாள் அதை எடுத்து நின்றபோது, நான் எதுவும் சொல்லாமலேயே அது தோள் உயரத்தில் நின்றது. போனில் எடுத்துக் காட்டினேன். திரும்பத் திரும்பப் பார்த்தான்.

கதை இங்கே இனிப்பாக முடியவில்லை. அவன் இன்னும் பழைய ஆட்டத்துக்குத் திரும்பவில்லை. ஒரு வருடத்தை நான் அவனிடமிருந்து எடுத்துவிட்டேன், அது திரும்பி வராது. சாதாரண தரப் பரீட்சையும் வருகிறது. ஆனால் செவ்வாயும் வியாழனும் மைதானத்துக்கு வருகிறான். போன கிழமை சின்னப் பிள்ளை ஒன்றுக்குத் துடுப்பைப் பிடிக்கக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தான். கத்தவில்லை. நான் தூரத்தில் நின்று பார்த்தேன். அல்ஹம்துலில்லாஹ்.

இந்தப் பதிவை எழுத இரண்டு காரணம்.

ஒன்று, பெற்றோருக்கு. உங்கள் பிள்ளைக்கு ஒரு ஆசிரியர் ஒரே பிழையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தால், அது எழுத்தாக இருக்கட்டும், கணக்காக இருக்கட்டும், ஓதலாக இருக்கட்டும், வந்து கேளுங்கள். "சேர், இவன் ஏன் இப்படிச் செய்கிறான் என்று பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். என்னிடமும் கேளுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். கோபம் வந்தால் வாப்பாவிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது, நான் முதலில் சொன்ன உதவி. இவன் ஒருவன் மட்டுமல்ல. அதற்குப் பிறகு எல்லாப் பிள்ளைகளின் துடுப்பையும் வாங்கிப் பார்த்தேன். பதினான்கு பேரில் ஒன்பது பேர் தங்களுக்குப் பெரிய துடுப்பைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நாநாவுடையது, மாமாவுடையது, மச்சானுடையது. புதிது வாங்க எல்லா வீட்டிலும் வசதியில்லை என்பது நமக்குத் தெரியும். உங்கள் வீட்டில், கட்டிலுக்கு அடியில், பரண் மேலே, நான்காம் ஐந்தாம் ஆறாம் இலக்கத் துடுப்பு பழையது ஏதாவது கிடந்தால் பாடசாலை அலுவலகத்தில் கொடுங்கள். வெடித்திருந்தாலும் பரவாயில்லை, டேப் சுற்றிக்கொள்ளலாம். காசு வேண்டாம், துடுப்பு மட்டும் போதும்.

வாப்பா இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார். அஸர் முடிந்ததும் கதிரையைத் தானே பாத்திக்கு இழுத்துக்கொண்டு போய்விடுகிறார். நான் பாடசாலையிலிருந்து வரப் பிந்தினால் போன் வருகிறது. நேற்று முதல் தடவையாக, நான் அடித்து முடித்த பிறகு, "இன்னும் கொஞ்சம் எடுக்கலாம்" என்றார்.

துஆச் செய்யுங்கள்.